28 மி.மீ. பெரட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், குட்டிப் பொம்மைகளைப் படையாக நிறுத்தி மேசைமேல் போர் விளையாடும் பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் யார் எழுதப்போகிறார்கள் என்று இருந்தவன் நான். எழுதியவருக்கு நன்றி. ஆனால் ஒரு திருத்தம். படைவீரன் ஒருவனின் உயரம் 28 செ.மீ. என்று அச்சாகியிருக்கிறது. 28 மி.மீ. என்று இருக்க வேண்டும். 28 செ.மீ. ஆட்களை இருபது பேர் நிறுத்தினால் எங்கள் வீட்டு முன்னறையில் நாங்கள் உட்கார இடமிருக்காது.

இரண்டாவது, 'எல்ஃப்' என்பதை, அதாவது மேல்நாட்டுக் கதைகளில் கூரான நீண்ட காதோடு வரும் மாய மனிதர்களை, 'குட்டிச்சாத்தான்' என்று போட்டிருக்கிறீர்கள். குட்டிச்சாத்தான் வேறு சங்கதி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அதற்கென்று தனிக் கதையும் பூசையும் உண்டு. எல்ஃபை எல்ஃப் என்றே எழுதிவிடலாம், பஸ்ஸைப் பஸ் என்கிறோமே.

இந்த இரண்டோடு போயிருந்தால் அஞ்சல் அட்டை போதும். "வெளுத்த மேனி, பொன்முடி, வெள்ளிக் கவசம் கொண்ட எல்ஃப் நம் மண்ணுக்கு ஒட்டாத கற்பனை" என்று கட்டுரை முடிகிறதே, அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

எனக்குக் கோத்தகிரியில் செல்போன் ரிப்பேர் கடை. ஆடி மாத மழையில் கடைக்கு ஈ காக்கை வராது. பெங்களூரில் வேலை பார்க்கும் பள்ளித் தோழன் ஒருவன், தனக்கு நேரமில்லை என்று ஒரு பெட்டி எல்ஃப் படையை என்னிடம் தள்ளிவிட்டுப் போனான். பிளாஸ்டிக் சட்டத்தில் கை, கால், தலை எல்லாம் தனித்தனியாக ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, பிசிறு சீவி, ஒட்டி, பெயின்ட் அடிப்பது நம் பாடு. இடுக்கியும் லென்ஸ் விளக்கும் என் மேசையில் ஏற்கெனவே இருப்பவை. பெட்டிப் படத்தில் கண்டபடியே வெள்ளியும் நீலமுமாக அடிக்கலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன்.

கெடுத்தது மூடுபனி. பெயின்டுக்கு முன் அடிப்பூச்சு ஒன்று ஸ்பிரே செய்ய வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அது பொம்மையைத் தொடுமுன்பே பாதி காய்ந்து பொடியாக ஒட்டும். எனக்குத் தெரியாது. கடைக்குப் பின்னால் வைத்துப் பத்து எல்ஃபுக்கு அடித்துவிட்டு மறுநாள் பார்த்தால், தலையிலிருந்து கால்வரை வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தார்கள். சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை. தூக்கிப் போடலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அம்மா ஒன்றைக் கையில் எடுத்து விளக்கில் காட்டினார். "ஏன்டா, இதுங்க உறைபனியில நிக்குதுங்களா?"

அம்மா குந்தா பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மார்கழி, தை மாதங்களில் விடிகாலை உறைபனி விழுந்தால் புல் இப்படித்தான் பொரிந்து நிற்கும். தேயிலைக் கொழுந்து அன்றைக்கே கருகும். நெருப்பு மூட்டிக் கையைக் காய்ச்சிக்கொண்டே பெரட்டுக்குப் போவார்களாம். 'பெரட்டு' என்றால் பல வாசகர்களுக்குப் புரியாது. காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை, எத்தனை ஆள் என்று பிரித்து விடுவது. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் இலங்கைத் தோட்டங்களில் தமிழர் வாயில் உருண்டு பெரட்டானது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து மலையேறிய குடும்பங்களோடு அந்தச் சொல்லும் வந்தது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். கவாத்து என்றால் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் அணிவகுப்புப் பயிற்சி. எங்களுக்கு, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் மேல்பாகத்தை வெட்டி இறக்குவது. பெரட்டு, கவாத்து. பட்டாளத்துப் பேச்சைத் தோட்டத்துக்காரர்கள் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருக்கிறோம், பட்டாளம் என்று நம்மை யாரும் நினைத்ததுதான் இல்லை. அன்று இரவு என் எல்ஃப் படைக்குக் கரு கிடைத்தது. வில்லைப் பிடுங்கிவிட்டுக் கூடையைக் கொடுத்தேன்.

எல்ஃபுக்குக் கூடை அவமரியாதை என்று கோவையில் ஒரு நண்பர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. எல்ஃப் என்பது வட ஐரோப்பாவின் பழைய சொல். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் அதைக் கண்டு பயந்தார்கள். மாட்டுக்கோ ஆளுக்கோ திடீரென்று குத்துவலி எடுத்தால், எல்ஃப் கண்ணுக்குத் தெரியாத அம்பு எய்துவிட்டது என்று மந்திரித்தார்கள், நம் ஊரில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்கிற மாதிரி. ஐஸ்லாந்தில் மறைந்து வாழும் மக்கள் இருக்கிறார்கள் என்று பாறையை ஒதுக்கிச் சாலையை வளைத்த சம்பவங்கள் உண்டு. நீலகிரியிலும் சாமிப் பாறையென்றால் ஜேசிபி ஓட்டுநர் யோசிப்பார். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட நாட்டுப்புறக் கதை ஒன்றில், ஏழைச் செருப்புத் தொழிலாளி வெட்டி வைத்த தோலை இரவோடு இரவாகக் குட்டி ஆட்கள் தைத்து வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களை எல்ஃப் என்றுதான் மொழிபெயர்த்தார்கள். அவனும் மனைவியும் நன்றிக்கு உடுப்பு தைத்து வைத்ததும் போட்டுக்கொண்டு ஆடிப் பாடிப் போய்விடுகிறார்கள், திரும்பி வரவேயில்லை. கதையைக் கேட்டுவிட்டு அம்மா, "நமக்கு வருஷா வருஷம் கம்பளி குடுத்தாங்க, நாம போகலியே" என்றார். ஆக, உழைக்கிற எல்ஃப் புதிதல்ல. பெட்டிப் படத்தில் இருக்கும் நெடுநெடு அழகு பெரும்பாலும் சென்ற நூற்றாண்டுக் கதைகள் கட்டிவிட்ட வேடம்.

இந்த விளையாட்டுகளில் பெயர்போன வார்ஹாமர் 1983-ல் இங்கிலாந்தில் வந்தது. அதன் விதியில் எல்ஃப் மனிதனைவிடக் கை வேகம். அடி தாங்கும் வலு மட்டும் மனிதனுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். கொழுந்துக்காரிக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் விதி எழுத முடியும்? கண் வேறெங்கோ இருக்க, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கை தானே கிள்ளிக்கொண்டு போகும். இடுப்பும் முட்டியும் எல்லாரையும் போல ஐம்பது வயதில் போய்விடும்.

வயது என்றதும் ஒன்று. தேயிலைச் செடி கவாத்து வாங்கிக்கொண்டே நூறு வருடம் தாண்டி நிற்கும். நட்டவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். எல்ஃபுக்கோ சாவு கிட்டவே வராது என்பது கதை. அப்படியானால் செடியை நட்டவளே இன்றும் அதில் பறித்துக்கொண்டிருப்பாள். என் படையின் கதை அவ்வளவுதான். கோவை நண்பர் தன் படைக்குப் பக்கம் பக்கமாக ராஜ வம்சம் எழுதி வைத்திருக்கிறார்.

இனி கூடை. ஒன்பது மில்லிமீட்டர் உயரக் கூடையை எதில் முடைவது? மூங்கில் சீவல் உடைந்தது, நூல் துவண்டது. கடையில் செத்துப்போன இயர்போன்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. அந்த ஒயரை உரித்தால் உள்ளே முடியை விட மெல்லிய செம்புக் கம்பிகள், சிவப்பும் பச்சையும் தங்கமுமாக. தங்க நிறத்தை மட்டும் பிரித்து, நாலு நாலாக முறுக்கி, குண்டூசிகளைச் சுற்றி முடைந்து, மேலே நீர்த்த பழுப்பு வண்ணம் ஒருமுறை ஓடவிட்டால் அசல் மூங்கில் கூடை. ஒரு கூடைக்கு இரண்டு இரவு. முதல் மூன்றும் கோணல். உள்ளே நிரப்பியது எங்கள் வீட்டு டஸ்ட் தேயிலை. காலடியில் இலைச் சருகும் அதுவே, டீ போட்டு வடிகட்டியது. உங்கள் நாளிதழை விரித்து அதன்மேல்தான் காயவைத்தேன். நன்றாகக் காயாமல் ஒட்டிய நாலு பேரின் காலடியில் பூஞ்சை பூத்தது. பாசி போல இருந்ததால் விட்டுவிட்டேன்.

கம்பளியும் மங்கி குல்லாவும் எம்-சீல் பிசைந்து செய்தவை. குல்லா போட்டால் நீண்ட காதை என்ன செய்வது என்பது பெரிய கேள்வி. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு வெளியே எடுத்தேன். அதனால் அம்மா இவர்களுக்கு வைத்த பெயர், காது நீட்டிக்காரிகள்.

தப்புகளைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். "கூடைக் கயிறு தோள்ல வருதே, அங்க இலங்கையில எங்கம்மா தலையிலதான் மாட்டும்." மாற்றினேன். "இடுப்புல படங்கு எங்க? ஈரச் செடி சேலையைக் கிழிச்சிடும்." டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்துச் சாக்குப் படங்கு கட்டினேன். கடைசியாகத் தன் வலது கையை விளக்கடியில் நீட்டினார். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனி வெடிப்புகளில் தேயிலைக் கறை இன்னும் கோடு கோடாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு எல்ஃபின் அந்த இரண்டு விரல் நுனியிலும் கரும்பழுப்பு ஒரு பொட்டு உண்டு. லென்ஸ் இல்லாமல் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

பெட்டியோடு வந்த தலைவன் கத்தியை நீட்டி "அங்கே போ" என்று நிற்கிறான். அம்மா பார்த்ததும், "கங்காணி மாதிரி இருக்கான், வேணாம்" என்று எடுத்து வெளியே வைத்துவிட்டார். எதிர்ப்படைக்குக் கொடுத்துவிட்டேன். படையில் கொடிக்காரனும் மேளக்காரனும் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கொடி கொழுந்துச் சாக்கு, மேளம் தப்புப் பறை. டிராகன் இடத்தில் காட்டெருமை. கோத்தகிரிக்காரனுக்கு டிராகன் மேல் பயம் வராது, ராத்திரி வீடு திரும்பும்போது தேயிலைக்குள் கரடியோ காட்டெருமையோ நிற்குமோ என்றுதான் வரும்.

கடைக்கு வந்த ஒருவர், எல்ஃபைத் தோடர் மாதிரி செய்திருக்கலாமே, அவர்கள் போர்த்தும் பூத்துக்குளிச் சால்வையின் சிவப்புக் கறுப்புப் பூவேலை எடுப்பாக இருக்குமே என்றார். எடுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் தோடர் ஒருவர் நாளைக்குப் போனுக்குக் கண்ணாடி மாற்ற என் கடைக்கு வருவார். அவர் சனத்துக்குக் காதை நீட்டி மேசையில் நிறுத்திவிட்டு எந்த முகத்தோடு காசு வாங்குவேன்? என் அம்மாவுக்குக் காது நீட்ட நான் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் எனக்குள்ள பாத்தியதை.

அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. "எல்ஃபுங்க காட்டைக் காக்கறவங்கன்னு சொன்னே. சோலையை வெட்டிட்டுத்தானே தேயிலை வச்சாங்க. இவளுங்க யாரு பக்கம்?" காலடிக்குத் தேயிலைத் தூள் ஒட்டும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். ஒரே ஒருத்தியின் கூடையில் மட்டும் தேயிலைக்குப் பதில் சோலை மரத்தின் தளிர் வைத்திருக்கிறேன். சோலையில் தளிர் பல மரங்களில் செக்கச்செவேல் என்றுதான் விடும், அதனால் சிவப்பு இயர்போன் கம்பியை நுணுக்கிப் போட்டேன். பதிலாகாது என்று தெரியும்.

நம் மண்ணுக்கு ஒட்டாது என்கிறீர்களே. நவராத்திரிக்கு விளாச்சேரி, பண்ருட்டிப் பொம்மைகளோடு கிரிக்கெட் செட்டும் கல்யாண செட்டும் கொலுவில் ஏறும்போது யாரும் ஒட்டவில்லை என்று சொன்னதில்லை. போன நவராத்திரியில் எங்கள் வாடகை வீட்டுக்காரம்மா என் படையைக் கேட்டு வாங்கிக் கீழ்ப்படியில் பார்க் பக்கத்தில் வைத்தார். வந்தவர்கள் சுண்டலோடு நின்று பார்த்தார்கள். ஒரு பாட்டி மட்டும், "எஸ்டேட் செட்டா? காது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

அணிக்கு இருபது பேர், வரிசைக்கு ஐந்தாக நாலு வரிசை. பத்தொன்பது முடிந்தது. இருபதாவதைச் செய்ய உட்கார்ந்தபோது அம்மா தடுத்தார். "பெரட்டுல என்னிக்குடா எல்லாரும் வந்தாங்க? ஒருத்திக்குப் புள்ளைக்குக் காய்ச்சலா இருக்கும். விடு." இரண்டாம் வரிசையில் நடு இடத்தைக் காலியாகவே விட்டேன். போன மாதம் கோவையில் நண்பரோடு முதல் ஆட்டம். அடிபட்டவர்களைப் பின்வரிசையிலிருந்துதான் எடுப்பது முறை, நடுவில் ஓட்டை விழாது. அவர் என் அணி நிற்கும் தட்டைப் பார்த்துக் குழம்பி, "ஏனுங்க, ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கலைங்களே, அதுக்குள்ள ஒருத்தங்க செத்துட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்க, லீவு" என்றேன்.

இப்படிக்கு,
ம. செ.,
கோத்தகிரி