கறுப்புக் காய்களின் வெற்றி பற்றி நண்பருக்கு ஒரு மடல்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடுபவர் சமநிலையை நாடினாலே போதும் என்ற பழைய வாதத்தை மீண்டும் எழுதியிருக்கிறீர். ஆனந்த் 2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, நெதர்லாந்தின் விக் ஆன் ஸே சுற்றுப்போட்டியில், ஆர்மேனிய வீரர் லெவோன் அரோனியனைக் கறுப்புக் காய்களுடன் 23 நகர்த்தல்களில் வென்ற ஆட்டத்தைப் பலகையில் ஒருமுறை வைத்துப் பாரும்.

தொடக்கம், செமி ஸ்லாவ் தற்காப்பு எனும் கறுப்பின் ஆட்டமுறையில் மெரான் என்ற வகை. வெள்ளைக் குதிரை எச்7 காலாளை (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) வெட்டி, எஃப்8 கோட்டையையும் மிரட்டி நிற்கையில், ஆனந்த் கோட்டையைக் காக்க முனையாமல் தம் குதிரையை ஜி4இற்குப் பாய்ச்சினார். பின்னர் மந்திரியைச் சி5இல், டி4 காலாளின் வாய்க்கே கொண்டுபோய் வைத்தார். பதினாறாவது நகர்த்தலில் மற்றக் குதிரையையும் ஈ5இல் பலிக்கு நிறுத்தினார். இங்கேதான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். எஃப்4 காலாள் அக்குதிரையை வெட்டினால், கறுப்பு அரசி டி4இல் முற்றுகையிடும். அரசன் மூலைக்கு ஒதுங்கினால், அவ்வரசியே ஜி1இல் தன்னைப் பலியிட, கோட்டை அதை வெட்டியே ஆகவேண்டும். பிறகு எஃப்2இல் இறங்கும் குதிரை, தன் காய்களாலேயே அடைபட்ட அரசனை முடித்துவிடும். அரோனியன் அவ்வலையில் விழவில்லை, ஆயினும் தப்பவுமில்லை.

இரு மந்திரிகளும் சேர்ந்து அரசனை நோக்கும் அந்த அமைப்பு, 1907இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ரொட்லெவி என்பவரைப் போலந்து வீரர் ரூபின்ஸ்டீன் வென்ற ஆட்டத்தை நினைவூட்டும். மெரான் வகைக்குப் பெயர் தந்த 1924ஆம் ஆண்டு ஆட்டத்திலும் அதே ரூபின்ஸ்டீன்தான் கறுப்புக் காய்களுடன் வென்றார் என்பதை, உமது வாதத்திற்கு மறுப்பாகவே குறித்துவைக்கிறேன்.

கடைசி நகர்த்தல் என்னை மிகவும் கவர்ந்தது. எச்3ஐக் காத்து நின்ற வெள்ளை அரசியின் வழியை, மந்திரி ஈ3இல் புகுந்து அடைத்துவிட்டது. அரசி அதை வெட்டினால் குதிரை அரசியைக் கொண்டுபோகும். சி1 மந்திரி வெட்டினாலோ கறுப்பு அரசி எச்3இல் புகும், நகர்ந்தால் அரசன் பி7 மந்திரியின் தாக்குதலுக்கு உள்ளாவதால் அசைய முடியாத ஜி2 காலாளால் அதை வெட்டவும் முடியாது. இத்தனையும் துணிச்சலில் பிறந்ததென எண்ணிவிடாதீர். முந்தைய ஆண்டு கெல்ஃபாண்டுடனான உலக சம்பியன் போட்டிக்கு ஆயத்தம் செய்தபோது கண்டெடுத்த யோசனை அது.

பதினாறாவது நகர்த்தலில் வெள்ளை மந்திரியை ஈ2இற்கு இழுக்காமல் வேறெதை ஆடியிருக்கலாம் என்று யோசித்து எழுதும்.

அன்புடன்,
உமது நண்பன்