அரசிதழில் வராத அறிவிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயங்கரவாதச் சந்தேகத்துக்கு ஆளானவர்களைக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுவராமலேயே கட்டுப்படுத்தும் சட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை பிரிட்டனோடு நின்றுவிட்டது. ஊத்தங்கரைக்காரனான எனக்கு அது போதவில்லை. எங்கள் வட்டாரம் தருமபுரி மாவட்டத்தில் இருந்த 2002 நவம்பரில், நக்சலைட்டுகள் என்று இங்கே கைதானவர்கள் மீது பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. 2004இல் நீக்கப்பட்ட அந்தக் கடுமையான சட்டத்திலும் குற்றப்பத்திரிகையும் விசாரணையும் உண்டு. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலோ அவை இல்லை. மாவட்ட ஆட்சியர் ஆணையிட்டு, அரசு ஒப்புதல் தந்து, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகமும் இசைந்தால், ஒருவரை 12 மாதம் வரை சிறையில் வைக்கலாம்.

வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்த காலத்தில், இப்படி விசாரணையின்றி வைக்கும் தடுப்புக் காவலின் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆணையோடு தரப்படும் ஆவணத் தொகுப்பில் ஒரு பக்கம் தெளிவில்லாமல் போனதாலோ, தமிழ் மொழிபெயர்ப்பு விடுபட்டதாலோ, காவலில் இருப்பவரின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்ததாலோ உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்வது வழக்கம். சந்தேகம் நியாயமானதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் பெரும்பாலும் போவதில்லை. அது ஆணையிட்டவரின் மனநிறைவைச் சார்ந்தது என்று விட்டுவிடுகிறது. ஆகவே வெளியே வருகிறவர் ஜெராக்ஸ் மங்கியதால் வருகிறாரே தவிர, பழி நீங்கி வருவதில்லை. உண்மையிலேயே ஆபத்தானவரும் அதே வழியாகத்தான் வெளியேறுகிறார் என்பதைக் காவல்துறையினரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 2005இல் வந்த கட்டுப்பாட்டு ஆணைகள், விசாரணையின்றியே ஒருவரை நாளின் பெரும்பகுதி வீட்டுக்குள் அடைத்தன, சான்றுகளோ இரகசியம். பதில் சொல்லும் அளவுக்காவது குற்றச்சாட்டின் சாரத்தை அவரிடம் தெரிவித்தாக வேண்டும் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2009இல் தீர்ப்பளித்தது. 2011இல் அந்த ஆணைகளின் இடத்தில் இரண்டாண்டு வரம்புடைய வேறொரு முறை வந்தது. 2021இல் அந்த வரம்பு ஐந்தாண்டாக நீண்டது. அவர்களை அப்படியே பின்பற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் அரசமைப்பின் 22ஆவது பிரிவு, காவலின் காரணங்களைத் தெரிவிக்கச் சொல்லிவிட்டு, பொதுநலனுக்கு மாறானவை என்று அரசு கருதும் விவரங்களை மறைக்கவும் இடம் தருகிறது. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடையாது. கோப்பே மலைக்க வைக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி அங்கே தனியாக நின்று எதை எடுத்துச் சொல்வார்?

நெருக்கடி நிலையில் பட்ட அனுபவத்துக்குப் பின் 1978இல் நிறைவேறிய 44ஆவது அரசமைப்புத் திருத்தம், அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் காவலில் வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்கவும் சொன்னது. இந்த மாற்றங்களைச் சொல்லும் அத்திருத்தத்தின் 3ஆவது பிரிவை இன்றுவரை எந்த ஒன்றிய அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவரும்படி கட்டளையிட இயலாது என்று உச்ச நீதிமன்றமும் 1981இல் கூறிவிட்டது. இதற்கு நாடாளுமன்றம் மீண்டும் கூட வேண்டியதில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை வந்தால் போதும். நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை எப்போது கேட்கப்போகிறார்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.