நீயும் அவர்களோடு உட்கார்ந்து படி

அன்புள்ள மகனுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். படுத்த பிறகும் அதே நினைப்பு. பிள்ளைகள் பிரெஞ்சு படிக்க ஆசைப்படுகிறார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது, எப்படியம்மா சொல்லிக்கொடுப்பது என்றாய். சொல்லிக்கொடுக்காதே, தம்பி. நீயும் அவர்களோடு உட்கார்ந்து படி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உன் அக்கா பிரெஞ்சு தொடங்கியபோது நீ கைக்குழந்தை. முதல் ஆறு மாதம் நான் அவளுக்கு வாத்தியார் வேலை பார்த்தேன். மாலையானால் நோட்டு, இருபது வார்த்தை, மறுநாள் தேர்வு. எனக்கே தெரியாத மொழியைத் தெரிந்தவள் மாதிரி நடத்தினேன். நோட்டை எடுக்கும்போதே அவள் முகம் சுருங்கிவிடும். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

ஒரு நாள் கேசட்டில் 'தூ' என்ற சொல் வந்தது. 'நீ' என்று பொருள். நானும் திருப்பிச் சொன்னேன். "இல்லம்மா, அவங்க வேற மாதிரி சொல்றாங்க" என்றாள். கேசட்டைப் பின்னால் ஓட்டிக் கேட்டோம். அவள் சொன்னதுதான் சரி. 'உ' சொல்வதற்குக் குவிப்பதுபோல உதட்டைக் குவித்து, அதை அசைக்காமல், உள்ளே நாக்கால் 'இ' சொல்ல வேண்டும். அப்போது வருவதுதான் அந்த ஒலி. வெறும் 'தூ' என்று நம் வழியில் சொன்னால் அது 'எல்லாம்' என்ற வேறு சொல்லாகிவிடும். இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்றோம். என் உதடு விரிந்துவிடும் ஒவ்வொரு முறையும் அவள் தன் விரலால் அதைச் சேர்த்துப் பிடித்தாள். எனக்கு வருவதற்கு நான்கு நாள் ஆனது, அவளுக்கு அன்றைக்கே வந்துவிட்டது. அதற்கப்புறம் கேசட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தது அவள்தான்.

அதனால் முதலில் காதும் வாயும், எழுத்து பிறகு. பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் எழுதும் மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது. எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கும் பிள்ளை எல்லாவற்றையும் உச்சரித்துவிடும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் பல இடங்கள் எளிது. 'நான் வந்தேன்' என்று பேச்சில் சொல்லிப் பார், கடைசி 'ன்' முழுதாக வராமல் மூக்கில் கரையும். வெள்ளைக்கு அவர்கள் சொல்லும் 'ப்ளான்' அப்படித்தான் முடிகிறது. 'அது என்ன' நமக்கு 'அதென்ன' ஆவதுபோல, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அவர்கள் போடும் 'லா' என்ற துண்டும் 'ஏகோல்' என்ற பள்ளிக்கூடமும் சேர்ந்தால் 'லேகோல்'. நண்பர்கள் என்பதற்கு, பன்மைக்கு முன்னால் வரும் 'லே', 'ஆமி' இரண்டையும் சேர்த்தால், அதுவரை ஒலிக்காமல் கிடந்த 'ஸ்' எழுந்து வந்து 'லேஸாமி' ஆகும். அந்த 'ஸ்' மட்டும் தேனீயின் ரீங்காரம்போல இருக்க வேண்டும். புணர்ச்சி தெரிந்த பிள்ளைக்கு இது புதிதா என்ன!

கிழமைகளைச் சொல்லிக் காட்டினால் பெரியவள் துள்ளுவாள். நமக்குத் திங்கள் நிலவு, அவர்களுக்கும் 'லன்தி' நிலவின் நாள். 'மார்தி' செவ்வாய், 'மெர்க்ரெதி' புதன், 'ஜெதி' வியாழன், 'வாந்த்ரெதி' வெள்ளி. ஐந்து நாளும் அதே கோள்கள். சனியிலும் ஞாயிறிலும்தான் அவர்கள் பிரிந்துபோகிறார்கள்.

சிக்கல் வருவது ஆண்பால், பெண்பால் விஷயத்தில். நமக்கு மேசையும் கட்டிலும் 'அது'. அவர்களுக்கு மேசை 'அவள்', கட்டில் 'அவன்'. காரணம் தேடாதே, கிடைக்காது. 'லா தாப்ல்', 'லெ லி' என்று முன்னால் உள்ள துண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகப் பழகிவிடுங்கள். வீட்டுச் சாமான்களில் சீட்டு ஒட்டலாம், 'லெ'வுக்கு ஒரு நிறம், 'லா'வுக்கு வேறு நிறம். ஆனால் பத்து நாளில் கிழித்துவிட்டு வேறு பத்துச் சாமான்களுக்கு ஒட்டு. மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கண் பார்ப்பதையே விட்டுவிடும்.

எண்களுக்குப் பழைய பொத்தான்களை எடுத்துக்கொள். எழுபது என்றால் அறுபதும் பத்தும். எண்பது 'காத்ர் வேன்', அதாவது நான்கு இருபது. இருபது இருபதாக நான்கு குவியல் வைத்துக் காட்டு. 99க்கு நான்கு இருபது, ஒரு பத்து, ஒரு ஒன்பது! பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கு 'செப்தாந்த்', தொண்ணூறுக்கு 'நோனாந்த்' என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். அதையும் சொல்லிவை, சின்னவன் எதைப் பிடித்துக்கொள்கிறான் என்று பார்க்கலாம்.

விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது 'ஜாக் அ தி', 'ஜாக் சொன்னான்' என்று பொருள். அந்தச் சொல்லோடு கட்டளை வந்தால் மட்டும் செய்ய வேண்டும். 'ஜாக் அ தி, தூஷ் தோன் நே' என்றால் மூக்கைத் தொடு. வெறும் 'தூஷ் தோன் நே' என்றதற்குத் தொட்டவர் அவுட். கட்டளையிடும் வேலையைப் பிள்ளைகளிடமே விடு. அப்பாவை ஆட்டிவைக்கத் தேவையான வினைச்சொற்களை அவர்களே தேடிப்பிடிப்பார்கள். கொஞ்சம் பேச வந்த பிறகு 'நி வீ நி நோன்' ஆடுங்கள். கேள்விக்குமேல் கேள்வி கேட்க வேண்டும், பதிலில் ஆம், இல்லை இரண்டும் வரக் கூடாது. முழு வாக்கியம் பேசாமல் தப்பிக்கவே முடியாது.

பார்த்துப் பழகிய கார்ட்டூனையே பிரெஞ்சு ஒலியில் போடு. முழுப் படம் வேண்டாம், ஒரே பத்து நிமிடத்தை மூன்று நாள் பாருங்கள். மொத்தத்தில் ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் போதும். வினைச்சொல் அட்டவணையை இந்த வருடம் தொடவே தொடாதே.

இன்னொன்று. 'வூ' என்றால் 'நீங்கள்'. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் பெரும்பாலும் பாட்டியையும் 'தூ' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் தயங்கினால், பிரெஞ்சில் பாட்டியை 'நீ' என்றே கூப்பிடலாம், பாட்டியே சொல்லிவிட்டாள் என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பெட்டி கட்டும் விளையாட்டு ஆடலாம். ஒவ்வொருவரும் முன்னால் வந்த எல்லாச் சாமானையும் வரிசையாகச் சொல்லி, தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். நான் தொடங்கிவைக்கிறேன்: 'தான் மா வலீஸ், இல் யா அன் ஷாப்போ'. என் பெட்டியில் ஒரு தொப்பி இருக்கிறது. அடுத்தது சின்னவன், அப்புறம் பெரியவள், அப்புறம் மருமகள். கடைசி முறை உன்னுடையது.

அன்புடன்,
அம்மா