டீக்கணக்கு நோட்டை முதலில் எடு

அன்புள்ள தாயிக்கு,

நம்ம ஊர் முதியோர் மன்றத்தின் வரலாற்றை எழுதித் தர நீ ஒத்துக்கொண்டதில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். நீ அனுப்பிய கேள்விப் பட்டியலும் வந்தது. அதில் முதல் கேள்வியே "மன்றம் எந்த ஆண்டு தொடங்கியது?" என்று இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடு. அந்தக் கேள்வியோடு ஆரம்பித்தால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், சபையில் சத்தம்தான் மிஞ்சும்.

இந்த ராமநாதபுரம் கரையில் இப்படிப்பட்ட மன்றங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. வலை பொத்துகிற கொட்டகையிலோ சாவடித் திண்ணையிலோ பெரியவர்கள் கூடினார்கள். பஞ்சாயத்து ரேடியோ வந்ததும் கூட்டம் அதன் பக்கம் நகர்ந்தது. செய்திக்கும் புயல் எச்சரிக்கைக்கும் திருச்சி நிலையம், பாட்டுக்கு இலங்கை வானொலி. பிறகு பொது டிவி அறை. 2006க்குப் பிறகு அரசு வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தபோது பல ஊர்களில் அந்த அறை காலியாகி, வயதானவர்கள் பேசிக்கொண்டு உட்காரும் இடமாக ஆகிப்போனது. பெயர்ப்பலகையும் பதிவும் கடைசியில் வந்தவை. ஆகவே "எங்கே உட்கார்ந்தீங்க, அடுத்து எங்கே மாறினீங்க, ஏன் மாறினீங்க?" என்று கேள். இடம் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

பதிவுச் சான்றிதழை நம்பி வயதைக் கணக்கிடாதே. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, 20 உறுப்பினர் சேர்ந்தாலோ ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோதான் பதிவு கட்டாயம். அதுவரை பதிவில்லாமலே பல வருஷம் நடத்தியிருக்கலாம். பதிவு எண்ணில் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது பதிவான ஆண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சட்டம் உனக்கு வேறு வகையில் உதவும். நிர்வாகக் குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. தேர்தல் தீர்மானங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டே போ. 3 ஆண்டு தாண்டியும் தேர்தல் இல்லை என்றால் நோட்டு தொலைந்திருக்கிறது, அல்லது மன்றம் படுத்திருக்கிறது. இரண்டில் எது என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு தாக்கல் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது நோட்டுகள். தீர்மானப் புத்தகம், சந்தா நோட்டு, ரசீதுக் கட்டு, வரவு செலவு நோட்டு என நான்கு இருக்கும். எல்லாரும் தீர்மானப் புத்தகத்தைத்தான் முதலில் திறப்பார்கள். நீ வரவு செலவு நோட்டைத் திற. தீர்மானம் என்பது கூட்டம் முடிந்த பிறகு அழகாக எழுதுவது. "ஏகமனதாக நிறைவேறியது" என்பதற்குப் பின்னால் இரண்டு மணி நேரச் சண்டை இருந்திருக்கும். செலவு அன்றன்றைக்கு எழுதியது. டீ, தூள், பால், கேரம் பவுடர், டியூப் லைட், மாலை, கோடித்துணி எல்லாம் அதில் இருக்கும். மாலைச் செலவை மட்டும் தனியாக எடுத்தாலே யார் எப்போது இறந்தார் என்கிற வரிசை கிடைத்துவிடும். அதை ஊராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டுக்கொள்.

டீக்கணக்கில் இன்னொரு பயன் உண்டு. ஒரு லிட்டர் பாலில் கால் லிட்டர் தண்ணீர் விட்டால், 80 மில்லி கண்ணாடித் தம்ளரில் சுமார் 15 டீ வரும். 3 லிட்டர் பால் வாங்கிய நாளில் 45 டீ. அதே நாள் தீர்மானப் புத்தகத்தில் 20 கையெழுத்துதான் இருக்கிறது என்றால் மீதி 25 டீ யாருக்குப் போனது என்று கேள். சிலர் இரண்டு குடித்திருப்பார்கள், அது ஒரு பங்கு. பெரும்பங்கு கையெழுத்துப் போடாத பெண்களுக்குப் போயிருக்கலாம். நம் கரையில் பெண்கள் கூடிய இடம் வேறு: தண்ணீர் எடுக்கிற ஊத்தடி, கடற்பாசி காய்கிற மணல், மீன் பிரிக்கிற இடம், ஓலை முடைகிற முற்றம். மன்றக் கட்டடத்தை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அவர்கள் ஒருவரும் அதில் வரமாட்டார்கள். அவர்களைத் தனியாகப் போய்ப் பார். ஆண்கள் இருக்கும் இடத்துக்குக் கூப்பிட்டால் "அவுக சொல்றதுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

வருஷம் கட்டுவதுதான் கஷ்டமான வேலை, நிதானமாகச் செய். "புயல் வந்த வருஷம்" என்றால் எந்தப் புயல் என்று கேள். தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பர் 22 இரவு, குரோதி வருஷம் மார்கழி. மட்டக்களப்பை அடித்துவிட்டு நம் கரையில் ஏறியது 1978 நவம்பர், காளயுக்தி கார்த்திகை. "ரயிலையே கொண்டுபோன தனுஷ்கோடி புயலா, அதுக்கு அடுத்ததா?" என்று கேட்டால் சரியாகப் பிரித்துச் சொல்வார்கள். தமிழ் வருஷப் பெயரில் மூன்று இடத்தில் தவறு வரும். ஒன்று, குரோதி வேறு, குரோதன வேறு. குரோதன வருஷம் 1985 சித்திரையில் பிறந்தது, காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். இரண்டு, குரோதி தை மாதம் என்றால் அது 1965 ஜனவரி-பிப்ரவரி, 1964 இல்லை. மூன்று, அறுபது வருஷம் சுற்றி 2024இலும் குரோதி வந்துவிட்டது, தேதி இல்லாத தாளில் அதையும் யோசி. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவை வைத்துச் சொன்னால் பருவத்தை ஊகிக்காதே. ஹிஜ்ரி ஆண்டு வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே வரும், ஒரே விழா கோடையிலும் வரும், அடைமழையிலும் வரும்.

தேதியில்லாத தாள்களுக்கும் வழி இருக்கிறது. அணா கணக்கு என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லாதே, புதுப் பைசா வந்த பிறகும் பழக்கத்தில் அணா எழுதியவர்கள் உண்டு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். அச்சடித்த ரசீதில் பழைய லை, ணை, றா எழுத்துகள் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்துக்கு இந்த விதி செல்லாது, பழைய எழுத்தில் படித்தவர்கள் சாகும்வரை அப்படித்தான் எழுதினார்கள். கலெக்டருக்கு எழுதிய மனுவில் மதுரை முகவரி இருந்தால் குழம்பாதே, பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையகம் மதுரையில்தான் இருந்தது. 1985இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். முதியோர் உதவித்தொகை 20 ரூபாய் என்று இருந்தால் 1962இல் திட்டம் தொடங்கியதை ஒட்டிய காலம். 1,000 என்றால் 2011க்குப் பிறகு, 1,200 என்றால் 2023க்குப் பிறகு. எம்.பி. நிதியில் கட்டியது என்று கல்வெட்டு சொன்னால் 1993 டிசம்பருக்கு முன்னால் இருக்க முடியாது. கல்வெட்டில் அடிக்கல் நாளையும் திறப்பு நாளையும் பிரித்துப் பார். பெஞ்சு, மின்விசிறி, பீரோ இவற்றில் "உபயம்" என்று பெயிண்டில் எழுதியிருப்பதையும் படம் எடு, அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும்.

பேச்சைப் பதிவு செய்ய விசைப்படகுத் தடைக்காலத்தில் வா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அவர்களிடம் முன்னாலேயே நேரம் கேட்டுக்கொள். மாலை 4 மணிக்கு உட்கார்ந்து மஃரிபு தொழுகைக்கு முன், விளக்கு வைப்பதற்கு முன் முடி. ஒருவரிடம் 40 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், அதற்கப்புறம் களைப்பில் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பார்கள். எந்தக் காது கேட்கும் என்று விசாரித்து அந்தப் பக்கம் உட்கார். சோழகக் காற்றில், அதாவது தென்காற்றில், போன் மைக்கில் இரைச்சல்தான் விழும். வேப்பமரத்தடி வேண்டாம், அறைக்குள் வை, விசிறியை நிறுத்து, மைக் மேல் பருத்திக் கைக்குட்டை ஒரு மடிப்பு போடு. இரண்டு பேரைச் சேர்த்து வைத்தால் ஒருவரை ஒருவர் திருத்துவார்கள், நல்லது. மூன்று பேர் ஆனால் சத்தமான ஒருவர் கதைதான் மிஞ்சும்.

நோட்டுகளைக் கையாளும்போது கவனம், தாயி. உப்புக் காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளரும் துருவேறித் தாளைத் தின்றிருக்கும். இழுக்காதே, பின்பக்கக் கால்களை நிமிர்த்தி ஒவ்வொன்றாக எடு. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதே, பழுப்பேறி எழுத்தைக் கொண்டுபோய்விடும். லேமினேஷன் அதைவிடக் கெடுதல், பிறகு பிரிக்கவே முடியாது. நனைந்த நோட்டை வெயிலில் போட்டால் தாள் சுருண்டு மை பரவும். நிழலில் வைத்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் இடையில் செருகி, ஈரம் ஏறியதும் மாற்று. செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். படம் எடுக்க வாசல் பக்கத்து வெளிச்சம் போதும், பிளாஷ் கூடாது, ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம். முடித்ததும் பாலித்தீனில் கட்டாமல் பருத்தித் துணியில் வசம்பு வைத்துக் கட்டி, சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் வை. சுவரோரம் வைத்தால் கரையான் வரும்.

ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். சந்தா நோட்டில் பாக்கி வைத்தவர்கள் பட்டியல் இருக்கும், பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. அதை அச்சில் போடாதே. சீட்டாட்டத்தில் பணம் வைத்ததால் மன்றம் பூட்டிக் கிடந்த காலம் இருந்தால் அதை எழுது, மறைக்காதே. ஆனால் பெயர் இல்லாமல் எழுது, மூன்று வீட்டிலாவது கேட்டுவிட்டு எழுது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்குப் போகும் முன் மன்றத்தில் உரக்கப் படித்துக் காட்டு, இரண்டு மாலை ஒதுக்கு. கண் தெரியாதவர்கள் காதால் திருத்துவார்கள், அந்தத் திருத்தங்களைத் தனி நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள். வரும்போது வெள்ளைத்தாள் ஒரு கட்டு, பருத்தி நாடா பத்து மீட்டர், பென்சில் ஒரு பெட்டி கொண்டு வா. நோட்டில் பேனாவால் எதுவும் குறிக்காதே. வசம்பு இங்கேயே கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா