ஷாஃப்ட் வண்டிக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்காகச் சென்ற ஞாயிறு நம் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'செயின் இல்லாத ஷாஃப்ட் வண்டிக்குப் பராமரிப்பே தேவையில்லை' என்ற ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது (ஷாஃப்ட் என்பது செயினுக்குப் பதிலாக இஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்திற்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு). அதே பேச்சை நம்பி நானும் இருந்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

செம்பனை ஆலையில் 27 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தேன். கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்காமல் ஒரு நாளும் ஷிஃப்டை ஒப்படைத்ததில்லை. ஆனால் வீட்டில் நின்ற யமஹா விராகோ 535 வண்டியில், ஷாஃப்ட் பின்சக்கரத்தோடு சேரும் இடத்தில் உள்ள கியர்பாக்ஸ் பக்கம் ஆறு ஆண்டுகள் கை வைக்கவில்லை. ஒரு நாள் மனைவியை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது இஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. பின்னால் காய்கறி லாரிகள் வரும் வளைவு அது. நல்லபடியாக ஓரத்தில் தள்ளி நிறுத்தினோம்.

கழற்றிப் பார்த்தபோது உள்ளே எல்லாம் செங்கல் பொடி போலத் துருத்தூள். ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்களை ஸ்ப்ளைன் என்போம். அவை கத்திமுனையாகத் தேய்ந்திருந்தன. அதற்குள் மூன்று முறை பின் டயர் மாற்றியாகிவிட்டது. ஒரு முறையும் அங்கே யாரும் கிரீஸ் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாகங்களுக்கு மட்டும் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று.

இப்போது தைப்பூசத்திற்கு முந்தைய வாரம், ஆண்டுக் கடைசி மழை ஓய்ந்ததும், அந்தப் பின்சக்கரக் கியர்பாக்ஸின் எண்ணெயை நானே மாற்றிவிடுகிறேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்தால் எண்ணெய் சூடாகி நன்றாக வடியும். முதலில் மேலே இருக்கும் நிரப்பும் போல்ட்டைத்தான் கழற்ற வேண்டும். கீழ் போல்ட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் போல்ட் இறுகிக் கிடந்தால், எண்ணெய் இல்லாத வண்டியோடு நிற்க நேரும். வடிந்த எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பேன். பால் விட்ட காப்பி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தைப் பார்க்க வேண்டும். இரும்புத் துணுக்கு நெருடினால் பல்லோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது.

ஊற்ற வேண்டியது 200 மில்லிக்கும் சற்றுக் குறைவு. ஒரு லிட்டர் புட்டி ஐந்து முறைக்கு வரும். இஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். இந்த வகைக் கியரில் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், கையேட்டில் சொன்ன ஹைப்பாய்டு கியர் ஆயில்தான் அந்த அழுத்தத்தைத் தாங்கும். அளவு பார்க்கும்போது வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தவறும். என் மகன் பிடித்துக்கொள்வான். நிரப்பும் துளையின் விளிம்பு வரை எண்ணெய் வந்ததும் நிறுத்திவிடுவேன். இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷர். நல்லதுதானே என்று கூடுதலாகத் திணித்தால் சூட்டில் சீல் பிதுங்கி, எண்ணெய் பின் பிரேக்கிலோ டயரிலோ இறங்கும்.

ஸ்ப்ளைனுக்கு இந்த எண்ணெய் போய்ச் சேராது. பின் சக்கரம் கழலும் ஒவ்வொரு முறையும் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லிய பூச்சாக வைக்க வேண்டும். டயர் மாற்றக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்; முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வடித்த எண்ணெயைத் தயவுசெய்து கால்வாயில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005 ஆம் ஆண்டு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக, அதாவது கண்ட இடத்தில் கொட்டக் கூடாத கழிவாக, உள்ளது. கழிவெண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து வைக்கும் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

செயினைப் போல வாரந்தோறும் துடைத்து எண்ணெய் விட வேண்டிய வேலை ஷாஃப்டில் இல்லை என்பது உண்மை. அதைக் கட்டுரையாளர் எழுதியது சரி. ஆனால் 'தேவையே இல்லை' என்ற வரியை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தி வெளியிடுங்கள். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போகும் பிள்ளைகள் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருவர் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர்,
ஈப்போ.