ஞாயிறு காலை ஆறரை

அன்பின் மச்சான்,

நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்காபரோவில் பனி முழங்கால் வரை கிடக்கிறது என்றாய். இங்கே திருமலையில் தை பிறந்த பிறகும் வாடைக் காற்று ஓயவில்லை. நேற்று மாலை டச்சுக் குடாக் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான்கள் இரண்டு, யாரோ போட்ட கோவா இலைகளைத் தின்றுகொண்டிருந்தன. உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

வாராவாரம் மூன்று பேரும் இணையத்தில் கணினி விளையாட்டு ஆடிக்கொண்டே பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்பாய். எங்களுக்கு ஞாயிறு காலை ஆறரை, உனக்குச் சனி இரவு எட்டு. அந்த இரண்டு மணி நேரமும் "மரம் தீர்ந்துவிட்டது, தங்கம் அனுப்பு, வடக்குப் பக்கம் வருகிறார்கள்" என்றுதான் போகிறது. மனதில் இருப்பதைச் சொல்ல இடம் கிடைப்பதில்லை.

முதலில் புயலைப் பற்றிச் சொல்கிறேன். நவம்பர் 28ஆம் தேதி டித்வா கிழக்குக் கரையைத் தொட்டபோது எங்கள் உவர்மலைப் பக்கம் காற்றும் இருட்டும்தான். பெரிய அழிவு மலையகத்தில். மண் சரிந்து குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையில் பெய்த மழை மகாவலியில் இறங்கி நம் மாவட்டத்துக்கு வந்தது. மூதூர், வெருகல் பக்கத்து ஊர்கள் நீருக்குள் போயின. நம்மோடு விளையாடும் கிண்ணியாக்காரன் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. உம்மாவின் மருந்துகள், காணி உறுதி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாக அலுமாரியின் மேல் ஏற்றியிருக்கிறான். இடம் நிரம்பிய பிறகு கணினியைப் பாயில் சுற்றி ஓட்டுக்குக் கீழே மரச்சட்டத்தில் கட்டியிருக்கிறான். மூன்று நாள் கழித்து அவனுடைய தொலைபேசி கிடைத்ததும் முதலில் உன்னைப் பற்றித்தான் கேட்டான்: "அவன் பயந்திருப்பானே, அவனுக்குச் சொன்னாயா?"

நீ அந்த இரண்டு வாரமும் விளையாட்டு அறையைத் திறந்துவைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மின்சாரம் வந்து நான் உள்ளே நுழைந்தபோது உன் பழைய செய்திகள் வரிசையாகக் கிடந்தன. வேறு எதுவும் எழுதவில்லை நீ. 11, 11, 11 என்று மட்டும். அந்த எண்ணைத் தட்டினால் எழும் சிரிப்பொலியை 17 வயதில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அன்று அந்த எண்களைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அந்தக் கொம்பியூட்டர் கடை நினைவிருக்கிறதா? போர்நிறுத்தக் காலம். ஏழு கணினிகள், ஒரு மேசை விசிறி, மூன்று பேர் இருக்க இரண்டு நாற்காலிகள். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் விளையாட்டின் இரண்டாம் பாகம். நீ பிரித்தானியரின் வில்லாளிகளோடு வருவாய், நான் கப்பலுக்காக வைக்கிங், அவன் எப்போதும் சரசெனியர். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் கிடையாது. பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். கடைசிப் பாதை போய்விடும் என்று ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அவன் எழுந்து ஓடுவான். அவனுடைய படையை நாம் மாறி மாறி நடத்துவோம். ஆனால் அவன் கட்டிய கோட்டையை மட்டும் இடிய விட மாட்டோம், மறுநாள் கேட்பான் என்று. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்தார்கள். அவன் எந்த நேரமும் வந்துபோகலாம் என்று ஆனபோது நீ ஊரில் இல்லை. அந்தப் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்கிறேன்.

1999இல் அந்த விளையாட்டு வந்தபோது அதில் 13 இனங்கள் இருந்தன. அடுத்த ஆண்டு மேலும் ஐந்து சேர்ந்தன. நம்மவர் யாரும் இல்லை. நாமும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 2013இல் 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி இந்தி பேச வைத்தார்கள். 2022 ஏப்ரல் 28இல்தான் அந்த மூட்டையைப் பிரித்து, திராவிடர் என்று ஓர் இனத்தையும் ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு தொடரையும் கொடுத்தார்கள். அந்த இனத்தின் ஆட்கள் தமிழ் பேசுகிறார்கள்.

எந்த நேரத்தில் அது வந்தது என்று யோசித்துப் பார். மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்துவிட்டது. டொலரில் ஒரு சாமான் வாங்க நமக்கு வழியில்லை. நீதான் இருவருக்கும் வாங்கி அனுப்பினாய். பெற்றோல் வரிசையில் நின்று களைத்து வந்த ஓர் இரவு, மின்சாரம் வந்ததும் திறந்தேன். ஒரு மீனவனைச் சொடுக்கினேன், தமிழில் பதில் சொன்னான். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் எழுந்து, "அப்பா, யாரோடு பேசுகிறீர்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

அதைச் செய்தவர்கள் படித்துத்தான் செய்திருக்கிறார்கள். திராவிடரின் மீன்பிடிப் படகு மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக மீன் ஏற்றும். அவர்களுக்கென்றே திரிசடை என்ற போர்க்கப்பல் இருக்கிறது. குதிரைப்படைதான் மெலிவு. அதுவும் சரி: பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழியே வந்ததையும், அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சுருள்வாள் வீரனை 'உறுமி' என்று பெயரிட்டு மலையாளத்தில் அழைத்ததுதான் எனக்குச் சிறு மனக்குறை. அந்த மாதங்களில் மண்ணெண்ணெய் இல்லாமல் நிஜப் படகுகள் கரையேறிக் கிடந்தன. திரையில் தமிழ் பேசும் படகுகள் மீனைக் கொண்டுவந்து இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று போருக்குப் போக மனம் வரவில்லை.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. "ராஜேந்திரன் நம் ஊருக்கு வந்தானா?" என்று ஒரு நாள் கேட்டாள். மார்கழி விடுமுறையில், வெள்ளம் வடிந்த பிறகு, அவளை வெல்கம் விகாரைக்குக் கூட்டிப்போனேன். நம் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்களே, அதுதான். சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். புத்தர் கோயில், கல்வெட்டுகள் தமிழில். பள்ளியில் நமக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. 20 ஆண்டு பக்கத்திலேயே இருந்துவிட்டுத் தெரியாமல் போனோம். மகள் கல்லுக்கு முன் குந்தியிருந்து விரலைக் காற்றில் ஓட்டி எழுத்துத் தேடினாள். முதலில் ட கிடைத்தது, பிறகு ப. விளக்கு எரிய வேண்டும் என்று ஆட்கள் பசு கொடுத்த கணக்கு அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது என்று சொன்னேன். "சண்டை எங்கே?" என்று கேட்டாள். இந்தக் கல்லில் சண்டை இல்லை, பசுவும் விளக்கும்தான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பசுவுக்கு என்ன பெயர்?" என்றாள்.

மச்சான், எனக்கு ஆசை அதுதான். நம் மொழி உலகத்து விளையாட்டில் ஒலிப்பது பெரிய விஷயம், அதை யார் குறைத்துச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அது வாள் பிடித்தவன் வாயிலேயே நின்றுவிடக் கூடாது. விளக்குக்குப் பசு கொடுத்தவனும் கரைவலை இழுப்பவனும் பாதை ஓட்டியவனும் பேச வேண்டும். அப்படியொரு விளையாட்டை நம் பிள்ளைகளில் யாராவது செய்வார்கள் என்று நம்புகிறேன். உன் மகன் நிரல் எழுதப் படிக்கிறான் என்றாயே, அவனிடம் சொல்லிப் பார்.

அவன் காத்திருக்கும் ஜி.டி.ஏ. விளையாட்டின் ஆறாம் பாகம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டது, 2026 நவம்பர் 19 என்று. ஐந்தாம் பாகம் 2013இல் வந்தது. அவனுக்கு அப்போது மூன்று வயது இருக்குமா? ஈ.ஏ. என்ற விளையாட்டு நிறுவனத்தை 5,500 கோடி டொலருக்கு வாங்கப் போகிறார்கள் என்ற செய்தியையும் பார்த்திருப்பாய். அவ்வளவு பணத்தை நினைத்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம் விளையாட்டை அதன் முதலாளிகள் கிடப்பில் போட்டிருந்த காலத்தில், ரசிகர்கள் சிலர் சேர்ந்து புதிய இனங்களைச் செய்து சேர்த்தார்கள். அந்த வேலைதான் 2013இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அவர்கள் கைவிட்டிருந்தால் நமக்கு இந்த ஞாயிறுகள் இல்லை.

கிண்ணியாக்காரன் வீட்டுச் சுவர் இன்னும் ஈரம் காயவில்லை. கணினி வேலை செய்கிறது; ஹெட்செட் மட்டும் நனைந்து போய்விட்டது. என்னிடம் இருந்த பழையதைப் புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். உம்மா ஆட்டிறைச்சியும் இடியப்பமும் தந்து, "கனடாத் தம்பி எப்போது வருவார்?" என்று கேட்டார். ஆடி மாதம் என்று சொல்லியிருக்கிறேன். மாற்றிவிடாதே.

இந்த ஞாயிறு தீவுகள் வரைபடத்தைப் போடு. மூன்று பேரும் திராவிடர். துறைமுகத்தை நான் கட்டுகிறேன், கோட்டை அவனுடையது, மீன்பிடிப் படகுகள் உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் திருமலை நண்பன்