பெயர் கேட்காமல் விட்ட அக்காவுக்கு

அன்று இரவு என் தம்பியின் உதடு நீலம் பாரித்திருந்தது. எப்போதாவது ஒரு குறட்டை மாதிரி மூச்சு வந்தது. அசந்து தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். நீங்கள் பார்த்ததுமே ஓடிவந்தீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஹெராயின் அளவு மீறி அடங்கும் மூச்சை மீட்கும் நலோக்சோன் மருந்தை மூக்கில் அடித்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாய்வழியே மூச்சு கொடுத்தீர்கள். சில நிமிடத்தில் அவன் இருமினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"எழுந்துவிட்டானே" என்றேன். நீங்கள் நகரவில்லை. நலோக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும், அதற்குப் பிறகும் ஹெராயின் உடம்பில் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம் என்றீர்கள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். நீங்களும் பல வருடம் போதை ஊசி போட்டுக்கொண்டவர் என்று அப்போதுதான் சொன்னீர்கள். 1984இல் ஆம்ஸ்டர்டாமில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் திட்டம் வந்ததற்குப் பின்னால் போதைப்பொருள் பயன்படுத்துவோரின் சொந்தச் சங்கம் இருந்தது என்றும் சொன்னீர்கள். எவ்வளவு பெருமை உங்கள் குரலில்!

அப்புறம் அவனுக்குப் புது ஊசிகள் தந்தீர்கள், ஊசியைப் பகிர்ந்தால் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்கும் அழைத்துப் போனீர்கள். இருந்தது. 12 வாரம் மாத்திரை சாப்பிட்டான், குணமாகிவிட்டது. "எப்போது விடுவாய்?" என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வீட்டில் நாங்கள் அதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

அவன் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் தனியாக இருக்கும்போது போட்டுக்கொள்வதில்லை. என் பையில் எப்போதும் நலோக்சோன் இருக்கிறது. நன்றி அக்கா.